பழைய மொந்தையில் புதிய கள்: எரிவாயுக் குழாய்களில் ஹைட்ரஜன்

ஐரோப்பிய நகரங்களின் தெருக்களுக்கு அடியில் கிடக்கும் எரிவாயுக் குழாய்களின் வரலாற்றை அறிந்தவர்கள், ஹைட்ரஜனை அக்குழாய்களுக்கு வரும் புதிய விருந்தாளி என்று கருதமாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நிலக்கரியைக் காற்றுப் புகாத உலைகளில் சுட்டு எடுக்கப்பட்ட ‘நகர வாயு’வே அங்கே தெருவிளக்குகளையும் வீட்டு அடுப்புகளையும் எரித்தது, அதன் கன அளவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜனாகவும், எஞ்சியதில் பெரும்பகுதி மீத்தேனும் நச்சுத்தன்மை கொண்ட கார்பன் மோனாக்சைடுமாகவும் இருந்தன. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் இன்றும் வீடுகளுக்குக் குழாய் வழியே வரும் நகர வாயு ஹைட்ரஜன் மிகுந்ததே என்பதால், சிங்கப்பூர்த் தமிழர் பலர் ஹைட்ரஜன் கலந்த சுடரில்தான் அன்றாடம் சோறு வடிக்கின்றனர்.

ஆயினும் இந்த வரலாற்றைச் சான்றாகக் காட்டி, முன்பு ஓடிய வாயு இனியும் ஓடும் என்று வாதிடுவோர் ஒரு பெரிய வேறுபாட்டைக் கடந்து சென்றுவிடுகின்றனர். நகர வாயு, காற்றழுத்தத்தைவிடச் சற்றே மிகுந்த அழுத்தத்தில், பெரும்பாலும் வார்ப்பிரும்புக் குழாய்களில், ஒரு நகரத்தின் எல்லைக்குள் ஓடிய வாயு. இன்று பேசப்படுவதோ, காற்றழுத்தத்தைப் போல் ஐம்பது, அறுபது, எண்பது மடங்கு அழுத்தத்தில், நாடுகளைக் கடந்து செல்லும் எஃகுக் குழாய்களைப் பற்றியது. இயற்கை எரிவாயுவுக்காக அமைக்கப்பட்ட அத்தகைய நெடுந்தூரக் குழாய்களைத் தூய ஹைட்ரஜனுக்கு மாற்றும் முயற்சியே இவ்வுரையின் பொருள். எஃகு தாங்குமா என்பதே இதில் முதன்மையான கேள்வி என்று பரவலாக நம்பப்படுகிறது. அக்கேள்விக்குப் பொறியாளர்கள் பெரும்பாலும் விடை கண்டுவிட்டனர் என்பதும், குழாய் காலியாவதும் அதன் இரு முனைகளிலும் ஆள் இருப்பதுமே உண்மையில் கடினம் என்பதும் நெதர்லாந்தின் அனுபவத்திலிருந்து விளங்குகின்றன.

1959-இல் நெதர்லாந்தின் வடகிழக்கில், குரோனிங்கன் மாநிலத்து ஸ்லோக்டரன் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு வயலில் துளையிட்டபோது கிடைத்த எரிவாயு வளம், சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவின் மிகப்பெரிய எரிவாயு வயல்களுள் ஒன்று என்று கணக்கிடப்பட்டது. 1963-இல் காஸ்யூனி என்னும் குழாய் நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நாடு முழுவதும் வீட்டு அடுப்புகளின் எரிமுனைகள் மாற்றப்பட்டு, நகர வாயு வெளியேற்றப்பட்டு, ஸ்லோக்டரன் வாயு உள்ளே வந்தது. பிரிட்டனும் வடகடல் எரிவாயு கிடைத்த பிறகு, 1967 முதல் 1977 வரை, வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ நான்கு கோடி அடுப்புகளையும் சூடாக்கிகளையும் மாற்றியமைத்தது. ஒரு நாட்டின் குழாய்களில் ஓடும் வாயுவையே மாற்றுவது ஒரு தலைமுறைக்குள் நடக்கக்கூடிய செயல் என்பதற்கு இவை இரண்டும் சான்றுகள். ஆனால் அன்று வந்த வாயு பழையதைவிட மலிவு, ஆற்றல் மிக்கது, நஞ்சற்றது. இன்று வரவிருக்கும் வாயுவைப் பற்றி, விலையைப் பொறுத்தவரை, அப்படிச் சொல்ல முடியாது.

நிலத்தடியிலிருந்து அத்தனை வாயுவை எடுத்ததன் விளைவாகக் குரோனிங்கன் மண் அமிழத் தொடங்கியது. பாறை அடுக்குகள் அழுந்தி நழுவியதால் சிறு நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹாய்சிங்கே என்னும் ஊரில் ஏற்பட்ட 3.6 அளவிலான நடுக்கம் ஆயிரக்கணக்கான செங்கல் வீடுகளில் விரிசல் விழச் செய்து, அரசியலையும் அசைத்தது. உற்பத்தி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2023 அக்டோபர் 1 அன்று நிறுத்தப்பட்டது. இங்கேதான் குழாய்களைப் பற்றிய செய்தி தொடங்குகிறது. குரோனிங்கன் வாயுவில் ஏறத்தாழ 14 விழுக்காடு நைட்ரஜன் கலந்திருந்ததால் அது எரிமதிப்புக் குறைந்த வாயு. நார்வேயிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்தது எரிமதிப்பு மிகுந்த வாயு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் அடுப்புகள் ஒழுங்காக எரியா என்பதால், நெதர்லாந்து இரண்டு தனித்தனி வலையமைப்புகளை, பல இடங்களில் ஒரே தடத்தில் இணையாகப் புதைக்கப்பட்ட குழாய்களாக, வைத்திருந்தது. வயல் மூடப்பட்டபோது அந்த இணைக் குழாய்களில் சில வேலையற்றுப் போயின. வேறு நாடுகளுக்கு எளிதில் வாய்க்காத இந்த வசதிதான், 1,200 கிலோமீட்டர் நீளமுள்ள தேசிய ஹைட்ரஜன் வலையமைப்பில் பெரும்பகுதியைப் பழைய குழாய்களைக் கொண்டே அமைக்கலாம் என்ற திட்டத்தைக் காஸ்யூனிக்குத் தந்தது. மக்கள் இன்னும் எரிவாயுவைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஊருக்குச் செல்லும் ஒரே குழாயை யாரும் ஹைட்ரஜனுக்கு மாற்ற முடியாது. பக்கத்தில் மற்றொரு குழாய் இருந்தால்தான் ஒன்றை விடுவிக்க முடியும்.

அத்திட்டத்துக்கு முன்னோட்டமாக அமைந்தது, நாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள ஜீலாந்து மாநிலத்தில் 2018 நவம்பரில் இயங்கத் தொடங்கிய 12 கிலோமீட்டர்க் குழாய். டெர்னூசனில் உள்ள டௌ வேதித் தொழிற்சாலையில் நாப்தாவைப் பிளக்கும்போது துணைப்பொருளாக ஹைட்ரஜன் வெளிவருகிறது; ஸ்லூஸ்கிலில் உள்ள யாரா உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா தயாரிக்க ஹைட்ரஜன் தேவைப்படுகிறது; இரண்டுக்கும் இடையே பயனற்றுக் கிடந்த எரிவாயுக் குழாய் ஒன்று துப்புரவு செய்யப்பட்டு, வால்வுகள் மாற்றப்பட்டு, ஆண்டுக்கு நான்காயிரம் டன்னுக்கு மேல் ஹைட்ரஜனைக் கொண்டுசெல்லும் குழாயாக மாறியது. தருபவரும் பெறுபவரும் ஏற்கெனவே இருந்தனர், குழாயும் காலியாக இருந்தது என்பதால், இதில் வியப்பூட்டும் பொறியியல் எதுவும் தேவைப்படவில்லை.

இனி, குழாய்க்குள் நிகழ்வதைப் பார்க்க வேண்டும். ஒரே அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் ஆற்றல், ஒரு கன மீட்டர் மீத்தேன் தருவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. முன்னது சுமார் 12.7 மெகாஜூல், பின்னது சுமார் 39.8 மெகாஜூல். அவ்வாறாயின் குழாயின் கொள்திறன் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும் என்று எண்ணத் தோன்றும். பல கட்டுரைகளிலும் அவ்வாறே எழுதப்படுகிறது. ஆனால் ஹைட்ரஜனின் அடர்த்தி மீத்தேனின் அடர்த்தியில் எட்டில் ஒரு பங்கு என்பதால், அதே அழுத்த இழப்புக்கு அது ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக ஓடுகிறது. ஆற்றல் குறைவை வேகம் ஈடுசெய்வதால், அதே குழாய் பழைய ஆற்றலில் 80 முதல் 90 விழுக்காடு வரை கொண்டுசெல்ல இயலும். மறைவிலிருக்கும் செலவு அமுக்கிகளில், அதாவது வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர்களில், இருக்கிறது. இன்றைய எரிவாயு நிலையங்களில் உள்ளவை பெரும்பாலும் சுழலும் சக்கரங்களால் வாயுவை வீசி அழுத்தும் வகையைச் சேர்ந்தவை; வீசப்படும் பொருள் இலேசாக இருந்தால் அழுத்தமும் அதற்கேற்பக் குறையும் என்பதால், பஞ்சை எறிந்து சுவரை இடிக்க முயல்வது போன்ற நிலை அவற்றுக்கு ஏற்படுகிறது. ஆகவே உந்துதண்டு வகை அமுக்கிகளையோ, மிக விரைவாகச் சுழலும் புதிய பொறிகளையோ நிறுவ வேண்டும். தள்ள வேண்டிய கன அளவு மும்மடங்காவதால் அவை உண்ணும் ஆற்றலும் ஏறத்தாழ மும்மடங்காகிறது. குழாயை மாற்றுகிறோம் என்று சொல்லும்போது, மண்ணுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்க, மண்ணுக்கு மேலே இருப்பது ஏறக்குறைய முழுவதும் மாற்றப்படுகிறது.

எஃகின் நிலை இதைவிட நுட்பமானது. அமிலத்தில் நனைத்த இரும்புக் கம்பி வளையாமல் முறிவதையும், அதற்கு அமிலம் நேரடிக் காரணம் அல்லாமல் அதிலிருந்து பிறந்த ஹைட்ரஜனே காரணம் என்பதையும் 1875-இலேயே வில்லியம் ஜான்சன் லண்டன் ராயல் சங்கத்துக்கு அளித்த கட்டுரையில் விவரித்தார். ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களால் ஆனது. அது எஃகின் தூய மேற்பரப்பைத் தொடும்போது பிளந்து தனி அணுக்களாகிறது. மிகச் சிறியதான அந்த அணு, இரும்பு அணுக்களின் அடுக்குகளுக்கு இடையே ஊடுருவி, இழுவிசை மிகுந்த இடங்களுக்கு, குறிப்பாக ஏற்கெனவே உள்ள நுண்ணிய வெடிப்புகளின் கூர்முனைக்கு, சென்று சேர்கிறது. அங்கே எஃகு தன் இழுபடும் தன்மையை இழந்து நொறுங்கும் தன்மையைப் பெறுவதையே ‘ஹைட்ரஜன் நொறுமை’ என்பர். குழாயின் உட்சுவர் பொதுவாக ஆக்சைடுப் படலத்தால் மூடப்பட்டிருப்பதாலும், அப்படலத்தின் வழியே அணுக்கள் எளிதில் நுழையா என்பதாலும், குறையற்ற குழாய் ஒன்று அசையாத அழுத்தத்தில் பல்லாண்டுகள் தாங்கும். ஜெர்மனியின் ரைன்-ரூர் தொழிற்பகுதியில் 1938 முதல் ஹைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கும், இன்று ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வலையமைப்பே இதற்குச் சான்று.

ஆனால் அழுத்தம் அசையாமல் இருப்பதில்லை. கம்பி ஒன்றை மீண்டும் மீண்டும் வளைத்தால் முறிவதைப் போல, ஏறி இறங்கும் அழுத்தம் எஃகில் உள்ள வெடிப்பை ஒவ்வொரு முறையும் சிறிதளவு நீட்டுகிறது. உலோகத்தின் இந்த அயர்வு, ஹைட்ரஜன் சூழலில் பத்து மடங்கும் அதற்கு மேலும் விரைவாக வளர்வதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. சூரிய ஒளியையும் காற்றையும் கொண்டு நீரை மின்னாற்பகுத்துப் பெறும் ஹைட்ரஜன், பகலில் பெருகியும் இரவில் குறைந்தும் வருவதால், குழாயின் அழுத்தத்தை நாள்தோறும் ஏற்றி இறக்கும். எந்தத் தூய்மைக்காக அந்த ஹைட்ரஜன் விரும்பப்படுகிறதோ, அந்தத் தூய்மையின் மூலமே எஃகை அயரச் செய்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ளப் பக்கத்திலேயே பெரிய சேமிப்பிடம் வேண்டும். உப்புப் பாறைக்குள் நீரைச் செலுத்திக் கரைத்துக் குடையப்பட்ட குகைகள் அதற்குப் பொருத்தமானவை; இங்கிலாந்தின் டீஸைடில் 1972 முதல் அத்தகைய குகைகளில் ஹைட்ரஜன் சேமிக்கப்பட்டு வருகிறது, குரோனிங்கனின் சௌட்வெண்டிங்கிலும் அதே நோக்கில் குகைகள் அமைக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. ஹைட்ரஜனோடு மிகச் சிறிதளவு ஆக்சிஜனைக் கலந்தால், அது உலோகப் பரப்பில் முந்திச் சென்று அமர்ந்து ஹைட்ரஜனுக்கு இடம் தராமல் தடுக்கும் என்பதும் அறியப்பட்டதே. ஆயினும் தூய வாயுவைக் கேட்டு வாங்கும் தொழிற்சாலைகள் இந்த மருந்தை எளிதில் ஏற்பதில்லை.

பொதுவாக, வலிமை குறைந்த, மென்மையான பழைய எஃகு வகைகளே ஹைட்ரஜனுக்கு ஏற்றவை. சுவரை மெல்லியதாக்கிப் பணத்தை மிச்சப்படுத்த உதவிய உயர்வலிமை எஃகு வகைகளில் ஐயம் மிகுதி. பற்றவைப்புக் கோடுகளில், அங்கே உலோகம் உருகி விரைவாகக் குளிர்ந்து கடினமாகியிருப்பதால், ஐயம் மேலும் மிகுதி. புதியதே உயர்ந்தது என்னும் பொது நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது. ஜெர்மனியின் எரிவாயு வலையமைப்பில் பயன்பட்டுள்ள எஃகு வகைகளின் மாதிரிகள், பற்றவைப்புகளோடு சேர்த்து, ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் பொருட்சோதனை நிலையத்தில் ஹைட்ரஜனில் சோதிக்கப்பட்டு, 2023-இல் வெளியான முடிவுகள் அவை அனைத்தும் அடிப்படையில் ஏற்றவையே என்று கூறின. ஆனால் ‘அடிப்படையில்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிப்பது தவறு. ஒரு குறிப்பிட்ட குழாய் எந்த ஆலையில், எந்தத் தகட்டிலிருந்து உருட்டப்பட்டது, அதன் மூட்டுகளைப் பற்றவைத்தபோது எடுத்த கதிர்ப்படங்கள் எங்கே, அறுபது ஆண்டுகளில் அது எத்தனை முறை பழுதுபார்க்கப்பட்டது ஆகியவற்றை ஆவணங்கள் சொல்ல வேண்டும். அவை சொல்லாதவற்றை, ‘பிக்’ என்று தொழிலாளர்கள் அழைக்கும் ஆய்வுக் கருவியைக் குழாய்க்குள் வாயுவின் உந்தலாலேயே ஓடவிட்டு, காந்தப்புலத்தாலும் ஒலி அலைகளாலும் சுவரைத் தடவிப் பார்த்து அறிய வேண்டும். பழைய பத்திரம் இல்லாத நிலத்தை விற்க முயல்பவரின் திண்டாட்டத்தைத் தமிழ்நாட்டில் விளக்கத் தேவையில்லை. ஆவணம் தொலைந்த குழாயின் உரிமையாளரும் அதே நிலையில்தான் இருக்கிறார்.

கசிவு, தீ ஆகியவை பற்றிய அச்சம் பரவலானது, முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்தால்தான் தீப்பற்றும். ஹைட்ரஜனோ 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்தாலும் பற்றும், அதைப் பற்றவைக்க மீத்தேனுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பொறி போதும், அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மறுபுறம், அது மிக விரைவாக மேலெழுந்து கலைந்துவிடுவதால் திறந்த வெளியில் இடர் குறைவு, மூடிய அறையில் மிகுதி. மற்றொரு சிறு வேறுபாடு வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை: உயர் அழுத்தத்திலிருந்து தாழ் அழுத்தத்துக்கு விடுவிக்கும்போது இயற்கை எரிவாயு குளிர்வதால், அழுத்தம் குறைக்கும் நிலையங்களில் அதை முன்கூட்டியே சூடாக்க வேண்டியிருக்கிறது, ஹைட்ரஜன் சிறிதளவு சூடேறுவதால் அந்தச் செலவு மிச்சமாகிறது.

முழுமையாக மாற்றுவதற்குப் பதிலாக, ஓடும் எரிவாயுவில் ஹைட்ரஜனைக் கலந்துவிடும் வழி பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் 20 விழுக்காடு வரை கலந்து சோதிக்கப்பட்டது. இந்தியாவில் சூரத்துக்கு அருகே கவாஸில் என்.டி.பி.சி.யும் குஜராத் கேஸ் நிறுவனமும் இணைந்து 2023 ஜனவரி முதல் குடியிருப்பு ஒன்றின் எரிவாயுவில் ஹைட்ரஜனைக் கலந்து வழங்குகின்றன. செய்தித்தாள்களின் தலைப்புக்கு இது உகந்தது. ஆனால் கன அளவில் 20 விழுக்காடு ஹைட்ரஜன் என்பது, மேலே சொன்ன ஆற்றல் வேறுபாட்டால், ஆற்றலில் 7 விழுக்காடே. கார்பன் டை ஆக்சைடில் கிடைக்கும் சேமிப்பும் அதே அளவுதான். எஃகைப் பொறுத்தவரையோ, மிகச் சிறிய அளவு ஹைட்ரஜன் கலந்த உடனேயே வெடிப்பு வளர்ச்சி பெரும்பாலும் விரைவடைந்துவிடுகிறது. பெரும் செலவில் பிரித்தெடுத்த ஒரு வாயுவைக் கலந்து எரித்துவிடுவது, முழு இடரையும் ஏற்றுக்கொண்டு சிறு பயனை மட்டும் பெறும் வழியாகும். வீடுகளைச் சூடாக்க ஹைட்ரஜன் என்ற திட்டமும் தளர்ந்து வருகிறது. பிரிட்டனில் விட்பி, ரெட்கார் ஆகிய இடங்களில் நடக்கவிருந்த சோதனைகள் இரண்டும் 2023-இல் கைவிடப்பட்டன. மின்சாரத்தை நேரே வெப்ப ஏற்றிக்கு, அதாவது ஹீட் பம்புக்கு, கொடுத்தால் கிடைக்கும் வெப்பத்தோடு, அதே மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி எரித்துப் பெறும் வெப்பம் எவ்வகையிலும் போட்டியிட இயலாது. குழாயில் வரும் ஹைட்ரஜனுக்கு உரிய இடம் உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், எஃகு ஆலை ஆகியவையே.

செலவுக் கணக்கு பழைய குழாய்க்குச் சாதகமானது என்பதில் ஐயமில்லை. ஐரோப்பாவின் பதினொரு குழாய் நிறுவனங்கள் 2020-இல் வெளியிட்ட ‘ஐரோப்பிய ஹைட்ரஜன் முதுகெலும்பு’ திட்ட அறிக்கை, பழைய குழாயை மாற்றும் செலவைப் புதிய குழாய் அமைக்கும் செலவில் 10 முதல் 35 விழுக்காடு என்று மதிப்பிட்டது. ஜெர்மனியின் ஒழுங்குமுறை ஆணையம் 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்த 9,040 கிலோமீட்டர் மைய வலையமைப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு பழைய குழாய்களே. 2032-க்குள் முடிய வேண்டிய அதன் மொத்தச் செலவு 1,890 கோடி யூரோ. எனினும் திட்டத்தின் முன்னோடியான நெதர்லாந்தில் முதல் மதிப்பீடான 150 கோடி யூரோ பின்னர் இரு மடங்குக்கு மேல் உயர்ந்ததற்கும், கால எல்லை தள்ளிப்போனதற்கும், எஃகின் நொறுமை காரணம் அல்ல. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கி, ரஷ்ய வாயு நின்றுபோய், கடல் வழியே வந்த வாயு மேற்கிலிருந்து கிழக்கே ஓடத் தொடங்கியபோது, காலியாகும் என்று எதிர்பார்க்கப்பட்ட குழாய்கள் சில காலியாகவில்லை.

அதே போர் வேறொரு குழாயைக் காலியாக்கியது. பால்டிக் கடலடி வழியே வந்த ரஷ்ய வாயுவை ஜெர்மனியின் லூப்மின் கரையிலிருந்து செக் எல்லை வரை கொண்டுசெல்ல 2011-இல் திறக்கப்பட்ட ஓபல் குழாய், 1.4 மீட்டர் விட்டமும் 470 கிலோமீட்டர் நீளமும் கொண்டது. ஆண்டுக்கு 3,600 கோடி கன மீட்டர் வாயுவை ஏற்கவல்லது. அதன் பெரும்பகுதியை உள்ளடக்கிய ஏறத்தாழ 400 கிலோமீட்டர்த் தடத்தை காஸ்கேட் நிறுவனம் 2025-இல் ஹைட்ரஜனால் நிரப்பியது. பழைய மொந்தையில் புதிய கள் நிரம்பிவிட்டது. ஆனால் அதில் ஊற்றுவதற்குப் போதிய மின்னாற்பகுப்பு நிலையங்களும், அதிலிருந்து பருகுவதற்கு விலை கட்டுப்படியாகும் ஆலைகளும் இனிமேல்தான் வர வேண்டும். குழாய் இல்லாமல் ஆலை வராது, ஆலை இல்லாமல் குழாய் வராது என்ற சிக்கலில் குழாயை முதலில் வைப்பதே சரி என்று ஜெர்மனி தீர்மானித்து, தொடக்க ஆண்டுகளின் இழப்பை அரசு தாங்கும் ஏற்பாட்டையும் செய்துள்ளது.

இந்தியாவின் நிலை வேறு. இங்கே எரிவாயுக் குழாய்கள் இன்னும் அமைக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. காலியாகும் குழாய் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இராமநாதபுரம்–தூத்துக்குடிக் குழாய் 143 கிலோமீட்டர் நீளமுடையது. அது கொண்டுசெல்லும் எரிவாயு தூத்துக்குடி ஸ்பிக் உரத் தொழிற்சாலைக்குச் செல்கிறது. அங்கே அந்த மீத்தேன் நீராவியோடு சேர்த்துப் பிளக்கப்பட்டு, கார்பன் தனியே பிரிக்கப்பட்டு, எஞ்சும் ஹைட்ரஜனே நைட்ரஜனோடு இணைந்து அம்மோனியாவாகிறது. அதாவது அம்மோனியாவுக்கு வேண்டியது ஹைட்ரஜன், எரிவாயு அதைச் சுமந்து வரும் வண்டி. தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் கீழ் ஹைட்ரஜன் மையமாக வளர்க்கப்படும் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் அத்தொழிற்சாலைக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஜீலாந்தின் 12 கிலோமீட்டர்க் குழாயோடு ஒப்பிடத்தக்க ஒன்று இப்பகுதியில் அமையுமானால், அது இராமநாதபுரத்திலிருந்து வரும் பழைய குழாயாக இருக்கத் தேவையில்லை. துறைமுகத்துக்கும் உரத் தொழிற்சாலைக்கும் இடையே மென்மையான எஃகில் உருட்டி, பற்றவைத்த ஒவ்வொரு மூட்டின் கதிர்ப்படத்தையும் பாதுகாத்துப் பதிக்கப்படும் புதிய, குறுகிய குழாயாக இருக்கும்.